புதன்கிழமை வெயில்

லாட்ஜ்
பிப்ரவரி 9

சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். போன வாரம் போனில் கேட்ட குரலை வைத்துச் சொன்னால், தொண்டைக்காவது ஒரு குறையும் இல்லை.

"இனிமே நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசவே வேண்டாம் அத்தை. எழுதுங்க. எழுதி முடிக்கிறதுக்குள்ள பாதிக் கோபம் ஆறிடும்" என்று உங்கள் மகள் உத்தரவு போட்டுவிட்டாள். என் மகன் பக்கத்தில் நின்று பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினான். அதனால் எழுதுகிறேன். கோபம் ஆறியதா என்றால், இல்லை. பேனா பிடித்துப் பழக்கம் விட்டுப்போனதால் கை வலிதான் கூடியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் பட்டணத்து வேலையை விட்டுவிட்டுக் காய்கறி உலர்த்தும் ஆலை ஆரம்பிக்கப் போகிறார்கள். கண்ணாடிக் கூரை போட்டு, தக்காளியையும் வெங்காயத்தையும் வெயிலிலேயே காயவைத்துப் பொட்டலம் போடும் தொழில். வெயில்தான் அவர்களுக்கு அடுப்பு. எங்கள் ஊரில் ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள், உங்கள் ஊரில் ஓர் இடம். எந்த ஊரில் ஆலையோ அந்த ஊரில் குடித்தனம். அவர்கள் யாரைக் கேட்டார்கள்? உங்கள் வரைபடத்தை. அது என்ன சொன்னது? உங்கள் ஊரில்தான் வெயில் அதிகமாம்!

நாடு முழுக்க எங்கே எவ்வளவு வெயில் என்று படம் போடுவது நீங்கள். அதில் உங்கள் ஊர் ஆரஞ்சு நிறத்தில் தகதகவென்று இருக்கிறது. எங்கள் ஊர் சீக்காளி மாதிரி வெளிர்மஞ்சள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சந்தேகம் மட்டும்தான் கேட்கிறேன். கருவியே இல்லாத ஊருக்கெல்லாம்கூட இவ்வளவு வெயில் என்று நீங்கள் எழுதியிருப்பதாக மகன் சொன்னான். யாருமே போய் அளக்காத இடத்தில் எவ்வளவு வெயில் என்று அலுவலக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்?

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமியார்


வானிலை அலுவலகம், வரைபடப் பிரிவு
பிப்ரவரி 15

அன்புள்ள சம்பந்திக்கு,

கடிதம் கிடைத்தது. பக்கத்து மேசைக்காரர் "என்ன மேடம், கடிதமெல்லாம் வருது, ஏதாவது கேஸா?" என்று கேட்டார். "கேஸ்தான், குற்றவாளி நான்" என்றேன்.

உங்கள் கேள்வி நியாயமானது, கேட்ட விதம் எப்படி இருந்தாலும். நாடு முழுக்க வெயில் அளக்கும் கருவி வைக்க முடியாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நிலையங்கள் இருக்கின்றன. நடுவில் இருக்கும் ஊருக்கு என்ன செய்வோம் என்றால், சுற்றியுள்ள நிலையங்களை எல்லாம் விசாரிப்போம். கிட்டே இருக்கும் நிலையத்தின் பேச்சுக்கு மதிப்பு அதிகம், தூரத்து நிலையத்தின் பேச்சுக்குக் குறைவு. இடம் மேடா பள்ளமா என்றும் பார்ப்போம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மதிப்பு போடுவோம். குறி சொல்வது அல்ல இது.

ஆனால் உங்கள் ஊருக்கு இந்தத் தலைவலியே இல்லை. உங்கள் லாட்ஜுக்குக் கிழக்கே ஒட்டியபடி இருக்கும் தபால் அலுவலகத்தின் மொட்டை மாடியிலேயே எங்கள் நிலையம் இருக்கிறது. கண்ணாடிக் குமிழைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு கருவி, நீங்களே பார்த்திருப்பீர்கள். தினமும் காலையில் தபால் அதிகாரி மேலே ஏறிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போகிறார். மற்றதெல்லாம் தானாக இங்கே வந்துவிடும். அந்தக் கருவி உங்கள் ஊருக்கு ஒரு நாளைக்குச் சராசரி ஐந்து புள்ளி ஒன்று யூனிட் வெயில் என்கிறது. எங்கள் ஊர்க் கருவி ஐந்து புள்ளி மூன்று என்கிறது. படத்துக்கு நிறம் கொடுத்தது மட்டும்தான் நான்.

இன்னொன்றையும் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள் ஒரே மகள். அவள் அப்பா போன பிறகு இந்த வீட்டில் என் குரலும் குக்கர் விசிலும்தான். அவள் இங்கே வந்தால் எனக்குச் சந்தோஷம், தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் அதற்காக வெயிலைக் கூட்டிப் போடுகிற ஆள் நான் இல்லை. உங்கள் மனத் திருப்திக்காக உங்கள் நிலையத்தை ஒரு முறை சோதித்துப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகனின் மாமியார்


லாட்ஜ்
பிப்ரவரி 20

சம்பந்தி அம்மாவுக்கு,

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை அதிகம் நம்ப வேண்டும், தூரத்து வீட்டுக்காரர் சொல்வதைக் கொஞ்சமாக நம்ப வேண்டும் என்கிறீர்கள். எங்கள் தெருவில் வந்து ஒரு மாதம் குடியிருந்து பாருங்கள். இந்தக் கணக்கையே தலைகீழாகத் திருப்பிப் போடுவீர்கள்.

உங்களுக்கு ஒரே மகள் என்றால் எனக்கும் ஒரே மகன்தான். உங்கள் வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது என்றால், என் லாட்ஜில் நாள் முழுக்க ஆள் நடமாட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லோரும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள். "போயிட்டு வர்றேன்மா" என்று சொல்கிறவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வருவதில்லை. அடுத்த முறை வேறு லாட்ஜில் தங்குகிறார்கள்.

சரி, வெயிலுக்கு வருகிறேன். எங்கள் மொட்டை மாடியில் சாயங்காலம் மூன்றரை மணிக்குச் செருப்பில்லாமல் நிற்க முடியாது. போன மாதம் சோப்பு விற்க வந்தவர் நின்று பார்த்துவிட்டு ஒற்றைக் காலில் குதித்தார். அது ஐந்து புள்ளி ஒன்றா? அந்தக் கருவிக்குப் பார்வை மங்கிவிட்டது என்று நினைக்கிறேன். வயதானால் யாருக்கும் வருவதுதான். சோதித்துவிட்டு மறைக்காமல் சொல்லுங்கள்.

மூன்றாவது மாடியில் தெற்குப் பார்த்த அறையைப் பிள்ளைகளுக்காகச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். இதை உங்கள் சோதனைக்கு நெருக்கடி கொடுப்பதற்காகச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமியார்


வானிலை அலுவலகம்
மார்ச் 2

அன்புள்ள சம்பந்திக்கு,

சோதனை முடிந்தது. எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். ஒரு நிலையத்தை இல்லாததுபோல் மூடி வைத்துவிடுவோம். மற்ற நிலையங்களை மட்டும் கேட்டு அந்த இடத்தின் வெயிலைக் கணிப்போம். பிறகு மூடியதைத் திறந்து, அது சொல்வதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். எல்லா நிலையங்களையும் இப்படி ஒவ்வொன்றாக மூடித் திறந்தேன். எல்லாம் ஏறக்குறைய ஒத்துப்போயின. உங்கள் ஊர் மட்டும் ஒத்துப்போகவில்லை. சுற்றியுள்ளவை "அங்கே இன்னும் அதிகம் இருக்கணுமே" என்கின்றன, உங்கள் கருவி "இல்லை, குறைவுதான்" என்று அடம்பிடிக்கிறது. கருவி யார் பக்கத்தில் இருந்து இதைக் கற்றுக்கொண்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

முதலில் மேகமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். குறைவது மத்தியானத்துக்கு மேல்தான். காலையில் உங்கள் ஊர் எங்கள் ஊரை ஓரம்கட்டிவிடுகிறது. மூன்று மணிக்கு மேல் திடீரென்று விழுகிறது. ஐந்து மணிக்கு மேல் மறுபடி எழுந்து நிற்கிறது.

இதில் ஒரு விசித்திரம். வாரத்தில் ஆறு நாள்தான் இப்படி. புதன்கிழமைகளில் மட்டும் சாயங்கால வெயில் குறையவே இல்லை. இரண்டு வருடக் கணக்கைப் புரட்டிவிட்டேன், எல்லாப் புதன்களும் அப்படித்தான். மேகத்துக்குக் கிழமை தெரியாது, சம்பந்தி. இருபத்திரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், வாரம் ஒரு நாள் லீவு எடுக்கும் மேகத்தைப் பார்த்ததில்லை.

உங்கள் ஊரில் புதன்கிழமை என்ன விசேஷம்?

இப்படிக்கு,
மண்டை காயும் சம்பந்தி


லாட்ஜ்
மார்ச் 6

சம்பந்தி அம்மாவுக்கு,

எங்கள் ஊரில் புதன்கிழமை ஒரு விசேஷமும் இல்லை. மற்ற ஆறு நாளும் விசேஷம் இல்லை. அரசாங்க வானிலை அலுவலகத்திலிருந்து இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் சாவிக்கொத்து கீழே விழுந்துவிட்டது.

எனக்குப் புதன்கிழமை என்றாலே வயிற்றெரிச்சல். எங்கள் துவைக்கிற அக்காவுக்கு அன்றைக்குத்தான் லீவு. ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், "ஞாயித்துக்கிழமை வீட்ல எல்லாரும் இருப்பாங்கம்மா, அது எப்படி லீவாகும்?" என்பார். சரி, புதனே எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன். அதனால் புதன்கிழமை அறைக்கு அறை அழுக்கு பெட்ஷீட் குவிந்து கிடக்கும், மாடிக் கொடி காலியாகக் கிடக்கும். இதைத் தவிர அன்றைக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

வெயிலைக் கேட்டால் கிழமையைக் கேட்கிறீர்கள். பேச்சை மாற்றுகிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமியார்


வானிலை அலுவலகம்
மார்ச் 13

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைப் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் பாம்பு என்று நினைத்துக் காலைத் தூக்கிக்கொண்டார்.

தயவுசெய்து ஒரு காரியம் செய்யுங்கள். புதன்கிழமை தவிர்த்து ஏதாவது ஒரு நாள், மூன்றரை நான்கு மணி வாக்கில் உங்கள் மொட்டை மாடிக்குப் போய், உங்கள் துணிக்கொடியின் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். தபால் அலுவலக மாடிப் பக்கமாகப் பாருங்கள்.

இந்தக் கடிதத்தை ஒன்பதாம் தேதியே எழுதிவிட்டேன். நான்கு நாள் கைப்பையிலேயே இருந்தது. தபால்பெட்டி பக்கத்தில் போகும்போதெல்லாம் தோளை மாற்றிப் பையைப் போட்டுக்கொண்டேன். நான் நினைப்பது சரியாக இருந்தால், உங்கள் ஊர் எங்கள் ஊரைத் தாண்டிவிடும். என் மகள் உங்களுடையவளாகிவிடுவாள். இன்றைக்குப் பேருந்துக்கு நிற்கும்போது, யோசிப்பதற்கு முன் கையை உள்ளே விட்டுப் போட்டுவிடுவது என்று தீர்மானம் செய்திருக்கிறேன். இந்தக் கடைசிப் பத்தியை அதற்காகத்தான் இப்போது சேர்க்கிறேன், எழுதிவிட்டால் போட்டுத்தானே ஆக வேண்டும்.

இப்படிக்கு,
சம்பந்தி


லாட்ஜ்
மார்ச் 17

சம்பந்தி,

பார்த்தேன்.

முட்டி வலியோடு மூன்று மாடி ஏறிப் போனேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெட்ஷீட் தரையில் இழுபடுகிறது என்று இரண்டு ஆள் உயரத்துக்கு இரும்புக் கம்பம் நட்டுக் கொடி கட்டியது நான்தான். வெல்டிங்காரர் "இவ்வளவு உயரம் எதுக்கும்மா?" என்று கேட்டபோது, "காத்து நல்லா வரும், உங்க வேலையைப் பாருங்க" என்று வாயை அடைத்ததும் நான்தான். நாற்பது பெட்ஷீட் வரிசையாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன, ஐந்து மணிக்குத்தான் அக்கா எடுத்து மடிப்பார். அவற்றின் நிழல் நடுச்சுவரைத் தாண்டி தபால் அலுவலக மாடியில் விழுந்து, உங்கள் கண்ணாடிக் குமிழைச் சொகுசாகப் போர்த்திக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் நம்பர் அறையின் பெட்ஷீட் அது. ஓரத்தில் தேநீர்க் கறை இருப்பதால் எனக்குத் தெரியும்.

அப்படியே தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். என் மகனை இரண்டு வருஷமாக நானே என் ஊரிலிருந்து துரத்திக்கொண்டிருந்திருக்கிறேன். தினமும் துவைத்துக் காயவைத்துத் துரத்தியிருக்கிறேன்! பழியை மட்டும் உங்கள் மேல் போட்டேன். துவைக்கிற அக்கா பக்கத்தில் நின்று, "என்னம்மா, தலை சுத்துதா?" என்று கேட்டார். "இல்லக்கா, தலைகுனிவு" என்றேன்.

வெல்டிங்காரர் நாளைக்கு வருகிறார். கம்பத்தைப் பிடுங்கி மாடியின் மேற்கு ஓரத்துக்குக் கொண்டுபோய், பாதி உயரத்துக்கு அறுத்து நடச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை அவர் வாயைத் திறக்கவில்லை, சிரித்தார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் ஏன் சொன்னீர்கள்? அந்தக் கடிதம் பையிலேயே கிடந்திருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? எனக்கு அந்த யோசனையே வந்திருக்காது. பிள்ளைகள் உங்களிடம் வந்திருப்பார்கள்.

இப்படிக்கு,
வெட்கத்தோடு,
உங்கள் சம்பந்தி


வானிலை அலுவலகம்
ஏப்ரல் 24

அன்புள்ள சம்பந்திக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை, கணக்கு. கொடியை நகர்த்திய பிறகு வந்த வெயிலையும், பழைய கணக்கில் புதன்கிழமைகளையும் வைத்துக்கொண்டு இரண்டு வருடத்தையும் திருத்தினேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்டீர்கள். எங்கள் ஊர் வெயிலும் மோசம் இல்லை, ஆலை ஓடியிருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவள் என் வீட்டுக்குச் சாப்பிட வந்து, "ஏம்மா, இன்னைக்கும் தக்காளி முழுசாக் காயல" என்று சொல்வாள். நான் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் வைக்க வேண்டும். ஒரு ஞாயிறு என்றால் நடித்துவிடலாம். எல்லா ஞாயிறும் என்னால் முடியாது, எனக்கு நடிப்பு வராது. கல்யாணத்தில் உங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இதோ முடிவு. உங்கள் ஊர் ஐந்து புள்ளி ஐந்து. எங்கள் ஊர் அதே ஐந்து புள்ளி மூன்று. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். திருத்திய வரைபடத்தைப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவிட்டேன். நேற்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன், பிறகு வரைபடத்தைப் பார்த்தேன், அழகாக வந்திருக்கிறது. உங்கள் ஊர் நல்ல ஆரஞ்சு.

தெற்குப் பார்த்த அறை அவளுக்குப் பிடிக்கும். ஜன்னலுக்குத் திரை மட்டும் கெட்டித் துணியில் போடுங்கள். காலையில் முகத்தில் வெளிச்சம் விழுந்தால் அன்றைக்கு முழுக்க யாரிடமும் பேச மாட்டாள்.

இப்படிக்கு,
சம்பந்தி


லாட்ஜ்
மே 3

சம்பந்தி!

நீலத்தில் கெட்டித் திரை வாங்கித் தைத்து மாட்டி, கட்டிலை ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் உள்ளே வந்தான். பின்னாலேயே உங்கள் மகள். இரண்டு பேர் முகத்திலும் அசடு வழிந்தது.

"அம்மா, ரூம் நல்லா இருக்கு" என்றான்.

"நல்லா இல்லாம? என்னைக்கு வர்றீங்க?"

"அத்தை," என்றாள் உங்கள் மகள், "அம்மா திருத்தின மேப்பைப் பார்த்தோம். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர் இருக்கு பாருங்க, அது ரெண்டு ஊரையும் தாண்டிடுச்சு. அஞ்சு புள்ளி ஆறு. போய்ப் பார்த்துட்டு வந்தோம். இடம் நல்லா இருக்கு. தக்காளித் தோட்டமும் பக்கத்துலயே இருக்கு."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மலைக்கு அந்தப் பக்கமா! இங்கிருந்து ஐந்து மணி நேரம், உங்களிடமிருந்து ஆறு மணி நேரம். எப்படித் திடீரென்று அங்கே வெயில் வந்தது என்று கேட்டேன். மகன் விளக்கினான். அந்த ஊருக்குக் கிட்டே இருக்கும் நிலையம் எங்கள் தபால் அலுவலக மாடிதானாம். அது சொல்வதைக் கேட்டுத்தான் நீங்கள் அந்த ஊருக்கு மதிப்பு போடுவீர்களாம். நான் பெட்ஷீட்டை எடுத்ததும் எங்கள் ஊர் ஏறியது. எங்கள் ஊர் ஏறியதும் அதுவும் கூடவே ஏறியது. அது மேடான இடம் வேறு, அதனால் ஒரு படி மேலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

அதாவது என் பன்னிரண்டாம் நம்பர் பெட்ஷீட், மலையைத் தாண்டியும் நிழல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நீங்கள் உண்மை பேசினீர்கள், நான் கம்பம் பிடுங்கினேன். இரண்டு பேருமாகக் கைகோத்துப் பிள்ளைகளை மலைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டோம். இவ்வளவு ஒற்றுமையாக நாம் கல்யாணத்தைக்கூட நடத்தவில்லை.

ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள். சண்டைக்கு எழுதவில்லை. உங்களைத் தவிர வேறு யாரிடம் இதைச் சொல்லி அழுவது?

உங்கள் சம்பந்தி


வானிலை அலுவலகம்
மே 8

அன்புள்ள சம்பந்திக்கு,

என்னிடம் அவள் போனில் சொன்னாள். "கோபமா அம்மா?" என்று கேட்டாள். "இல்லடி, வரைபடம் போட்டவளே வழியைத் தொலைச்சுட்டேன்" என்றேன். சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் மோசம்.

வழி கேட்டீர்கள். ஒரு வழி இருக்கிறது, சுற்று வழி. என் வரைபடத்தில் சில இடங்களில் மெல்லிய சாய்வுக் கோடுகள் போட்டிருப்பேன். அங்கே நிலையம் எதுவும் கிட்டே இல்லை, நான் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள் என்று அர்த்தம். மலைக்கு அந்தப் பக்கம் முழுக்கச் சாய்வுக் கோடுதான். ஐந்து புள்ளி ஆறு என்பது விசாரித்துப் போட்ட மதிப்பு, அளந்தது அல்ல. மலையை ஒட்டிய இடத்தில் சாயங்கால மேகம் வந்து நிற்கலாம், நிற்காமலும் போகலாம். மூடித் திறந்து பார்க்கலாம் என்றால் அங்கே மூடுவதற்கே ஒன்றும் இல்லை.

இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். அளந்து பார்த்த பிறகே ஒப்பந்தம் என்று ஒத்துக்கொண்டார்கள். எங்களிடம் ஒரு கருவி சும்மா இருக்கிறது. ஆனால் அனுப்ப ஆள் இல்லை. தினமும் கண்ணாடியைத் துடைத்து, எதுவும் மறைக்காமல் பார்த்து, அளவைக் குறித்து அனுப்ப, சம்பளம் இல்லாமல் ஒன்றரை மாதம் தங்கக்கூடிய ஒரு பார்வையாளர் வேண்டும் என்று எங்கள் அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறார். அங்கே வெயில் குறைவாக இருந்தால், பிள்ளைகள் உங்கள் ஊருக்கே வருவார்கள்.

யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி


லாட்ஜ்
மே 11

சம்பந்தி,

தெரியும். லாட்ஜை என் தங்கை பார்த்துக்கொள்வாள். கண்ணாடி துடைக்க எந்த மாதிரித் துணி என்று மட்டும் எழுதுங்கள்.

சம்பந்தி


வானிலை அலுவலகம்
மே 16

அன்புள்ள சம்பந்திக்கு,

மெல்லிய பருத்தித் துணி. ஈரம் வேண்டாம். கருவியைத் திறந்த வெளியில், மரமோ சுவரோ பக்கத்தில் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். பறவை உட்கார்ந்தால் விரட்ட வேண்டும். நீங்களும் பக்கத்தில் நிற்கக் கூடாது. ஓரத்தில் ஒரு சின்னத் திரை இருக்கிறது, சாயங்காலம் அதில் தெரியும் எண்ணை எழுதி, வாரம் ஒரு முறை எனக்கு அனுப்புங்கள்.

எங்கள் அதிகாரி, "அவங்க உங்க சம்பந்தியாமே. அவங்களுக்கு அங்க வெயில் குறைஞ்சா லாபம்தானே, நம்பலாமா?" என்று கேட்டார். நானும் இரண்டு நாள் அதையேதான் யோசித்தேன், மறைக்கவில்லை. பிறகு அந்தத் தேநீர்க் கறையை நினைத்துக்கொண்டேன். எந்த அறை விரிப்பு என்பதுவரை எழுதியிருந்தீர்களே, அதை எழுதாமலே விட்டிருக்கலாம். "நம்பலாம் சார்" என்றேன்.

இப்படிக்கு,
சம்பந்தி


மலைக்கு அந்தப் பக்கம்
ஜூலை 4

அன்புள்ள சம்பந்திக்கு,

வாரா வாரம் எண்களை மட்டும் அனுப்பினேன், விவரமாக எழுத நேரம் இல்லை. வெயில் அளப்பது சும்மா இருக்கும் வேலை என்று நினைத்துக்கொண்டு வந்தேன். காக்காய் விரட்டவே ஒரு ஆள் தேவை.

பிள்ளைகள் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டில்தான் இருக்கிறேன். வந்த அன்றைக்கே வாசலில் நின்று, "நான் அரசாங்க வேலையா வந்திருக்கேன், உங்களைப் பார்க்க வரல" என்று சொல்லிவிட்டேன். உங்கள் மகள் பெட்டியை வாங்கிக்கொண்டு, "சரிங்க மேடம், அரசாங்கம் காபி குடிக்குமா?" என்று கேட்டாள். இந்த வாய் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஒன்று சொல்ல வேண்டும். முதல் வாரம் எண்கள் உங்கள் மதிப்பைவிட அதிகமாக வந்தன. இரண்டாவது வாரமும் அப்படியே. சாயங்கால மேகம் ஒன்று மலை உச்சிவரை வரும், எட்டிப் பார்க்கும், அப்படியே திரும்பிப் போய்விடும். ஒவ்வொரு நாளும் "இன்னைக்காவது இறங்கி வாயேன்" என்று அதைக் கெஞ்சிக்கொண்டு நின்றிருக்கிறேன். மூன்றாவது வாரம் ஒரு நாள், ஆலைக்குப் பார்த்த காலி மனையில் நான் மட்டும். பிள்ளைகள் தோட்டக்காரரைப் பார்க்கப் போயிருந்தார்கள். சாயங்கால வெயில். கருவிக்கு மேற்கே நின்றுகொண்டிருந்தேன். என் உடம்பைப் பற்றி உங்களுக்குத் தெரியும், கிழக்கே ஓர் எட்டு எடுத்து வைத்தால் போதும், கருவிக்குப் பொழுது சாய்ந்துவிடும். தினமும் ஒரு மணி நேரம் அப்படி நின்றால் என் மகன் என் ஊருக்கு வந்துவிடுவான். பார்க்க ஒருவரும் இல்லை.

கொஞ்ச நேரம் நின்றேன், சம்பந்தி. பிறகு நாலு எட்டு பின்னால் நகர்ந்து, வேலியோரம் போய் உட்கார்ந்துகொண்டேன். நீங்கள் கைப்பையைத் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்த நாலு நாள் எப்படி இருந்திருக்கும் என்று அங்கே உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு நானும் அழுதேன். ஆனால் அந்த வெயிலில் கண்ணீர் கன்னத்தில் தங்க மாட்டேன் என்கிறது, உடனே காய்ந்துவிடுகிறது. தக்காளிக்கு நல்ல இடம்தான்.

பிள்ளைகள் நாளை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். இந்த வீட்டில் இன்னொரு அறை காலியாக இருக்கிறது. மேற்குப் பார்த்தது, கொஞ்சம் புழுக்கம். உங்கள் மகள் அதைப் பெருக்கித் துடைத்து ஒரு கட்டில் போட்டிருக்கிறாள். யாருக்கு என்று கேட்டால், "அடுத்த அரசாங்க அதிகாரிக்கு" என்கிறாள். லீவு போட்டுவிட்டு வாருங்கள். நான் இன்னும் பத்து நாள் இருப்பேன்.

ஆறு வாரச் சராசரியை இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். ஐந்து புள்ளி ஒன்பது. உங்கள் வரைபடம் குறைத்துச் சொல்கிறது. கூட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
சம்பளமில்லாத பார்வையாளர்